அறுபத்து மூணு நானூறு

படிவத்தில் ஐம்பத்தைந்து என்று எழுதினேன்.
யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்று.
பட்டை தூக்கிப் பார்த்துவிட்டது.

கம்பெனி கொடுத்த துள்ளுகால்.
கெண்டைக்காலுக்குப் பின்னால் வில்லாய் இறங்கும்
ஃபைபர் பட்டை, கறுப்பு, என் உள்ளங்கை அகலம்.
அடியில் ஸ்டிக்கர்: 50 – 60.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைத் திறப்பு விழா.
தேனீ வேஷத்தில் நான்.
மூன்றாவது குதிப்பில் 'டக்' என்றது.
பட்டை முழுசாய் மடங்கி
மேற்கொண்டு மடங்க இடமில்லாமல்
மிச்சத்தை எலும்பிடம் ஒப்படைக்கிற சத்தம்.
கீழே பலூன் பிடித்த பொடிசுகள்
"அக்கா, இன்னொரு தபா."

ராத்திரி தடவிப் பார்த்தேன்.
வளைவின் உட்புறம் வெள்ளையாய் ஒரு கோடு.
பீங்கான் தட்டில் ஒட்டிய மயிர் என்று நினைத்து
நகத்தால் சுரண்டினேன்.
போகவில்லை.

விடியுமுன் காசிமேடு.
ஏலம் ஓய்ந்த தராசில் ஏறி நின்றேன்,
உள்ளங்காலில் செதிலும் ஐஸ் தண்ணியும்.
லூர்துசாமி எட்டிப் பார்த்து
சுற்றி நின்றவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார்:
"அறுபத்து மூணு நானூறு.
வவ்வாலா இருந்தா நல்ல வெலைக்குப் போயிருப்ப."
இறக்கை, வயிற்றுப் பஞ்சு, கொடுக்கில் எரியும் பல்பு, பேட்டரி
எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தனியே வைத்தோம்.
நாலு கிலோ நூறு.
தேனீ இவ்வளவு கனம் என்று
எந்தப் பூவும் சொன்னதில்லை.

தேசிங்கு எண்பது கிலோ. அவன் பட்டை 75 – 90.
"பேசாம இதே மாரி வாங்கிக்க,
ஆயுசுக்கும் ஒடையாது."
கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு சுவரோரம்
மாட்டிப் பார்த்தேன்.
உடையாதுதான்.
லைட்டுக் கம்பத்தின் உச்சியில் நின்று குதிக்கிற மாதிரி.
எவ்வளவு இடித்தாலும் ஒரு விரல்கூடத் தாழவில்லை.
அன்றைக்கு ராத்திரி முழுக்க
முட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கறாரான வட்டிக்காரனிடம் கடன் கேட்டு நின்றிருக்கிறேன்.
சிரித்துச் சிரித்து வாங்கிக்கொண்டு
ஒரு வெள்ளிக்கிழமை ஷட்டரை இறக்கிய சீட்டுக் கம்பெனியிலும்
பணம் போட்டிருக்கிறேன்.
எனக்கு வேண்டியது இரண்டும் இல்லை.
வாங்கியதை வாங்கியபடி,
நான் காலை நீட்டுகிற அந்த நொடியில்
திருப்பித் தருகிற ஒன்று.

ஈவ்னிங் பஜாரில் ஜாபர் பாய்
சைக்கிள் ரிம்களுக்குப் பின்னாலிருந்து எடுத்தார்.
60 – 75. மூவாயிரத்து எண்ணூறு.
நானும் தேனீயும் சேர்ந்து அறுபத்தேழரை.
மீதி ஏழரை கிலோ,
பிரியாணிக்கும் மழை நனைந்த பஞ்சுக்கும்.
ஏழரை என்றதும் தேசிங்கு
கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

காலுக்கு நாலு போல்ட்டு. முடுக்கினோம்.
சும்மா நின்று ஆடினால் நாலு விரல் தாழ்ந்தது.
முழு பலத்தில் விழுந்தால் ஒரு சாண்.
அதற்குப் பிறகும் ஒரு விரல் மிச்சம் இருந்தது.
அந்த ஒரு விரலுக்குத்தான் காசு.

சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில்
கூட்ஸ் வண்டி நிற்பது தெரியும்.
அதன் கூரை இதுவரை தெரியாது.
முதல் குதிப்பில்: துருவின் நடுவே ஏதோ நீலம்.
இரண்டாவதில்: செருப்பு. ஒற்றை.
மூன்றாவதில்: இடது கால், வார் அறுந்தது.
யாருடையது, எந்த ஊரில் ஏறியது,
இன்னொன்று எங்கே என்று யோசிப்பதற்குள்
தரை வந்துவிட்டது.

"என்னாம்மே தெரியுது?" என்றான் கீழேயிருந்து.
சொன்னேன்.
"சும்மா வுடாத."
உட்கார்ந்து அவன் துள்ளுகாலை மாட்டினான்.
முட்டிப் பட்டை, கணுக்கால் கொக்கி, பூட்ஸ் வார்,
வலது முடிந்தது,
இடது காலில் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கையில்
வேகன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
எண்ணூர் பக்கமாய்க் கிளம்பின.